கயிறும் கருவியும்



நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். அரசின் முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. ஆயினும் அதைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. குளிப்பவர் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். அவரோடு ஒரு கயிறும் இறங்கும். அதன் மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். அக்கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. உடன்பிறந்தாளின் தாலியை எண்ணி அவர் கண்ணயர மாட்டார் அன்றோ!

தோணியில் இருப்பவருக்குக் கடலடி தெரியாது. கயிறு சொல்வது மட்டுமே தெரியும். கயிறு அசையவில்லை என்றால், கீழே எல்லாம் நலம் என்றும் கொள்ளலாம். கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது என்றும் கொள்ளலாம். இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் கணிப்பொறியை வைத்து அளவுகள் எடுக்கப் பழகியபோது, இந்தக் கயிற்றின் கதை எங்களுக்கு நன்கு விளங்கிற்று. நாங்கள் செய்த பிழைகளும் அவற்றைத் திருத்திய வழியும் உங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் கையாண்ட கருவியின் பெயர் எக்ஸ்பைஸ். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், மாணவர் சோதனைகளுக்காக 2004-ஆம் ஆண்டில் பீனிக்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் பிறந்ததே இச்சிறு பெட்டி. இளம் பொறியாளர்க்கும் விஞ்ஞானிகளுக்கும் உரிய சோதனைகள் என்பதே அப்பெயரின் பொருள். இதன் அமைப்பு யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மின்னழுத்தத்தை அளந்து கணிப்பொறிக்கு அனுப்புவது இதன் வேலை. நாம் இதற்கு ஆணையிடுவது பைத்தான் மொழியில். 1991-இல் வெளிவந்த அம்மொழிக்குப் பெயர் தந்தது பாம்பு அன்று. ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகக் குழு!

பெட்டிக்குப் பைத்தான் தெரியாது. அதற்குத் தெரிந்தவை சில எண்கள் மட்டுமே. ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைநிரல் இருக்கிறது. நம் ஆணையை எண்ணாக்கிப் பெட்டிக்குக் கொடுப்பதும், பெட்டியின் எண்ணை வோல்ட் ஆக்கி நமக்குத் தருவதும் அதன் கடமை. பெட்டி கடலில் குளிப்பவர், யு.எஸ்.பி. கம்பியே கயிறு, இடைநிரல் கயிறு பிடிப்பவர் என்று கொள்க.

முதல் நாள் கருவியைத் திறக்கும் ஆணையை முதல் வரியிலும், மின்னழுத்தத்தை அளக்கும் ஆணையை இரண்டாம் வரியிலும் எழுதினோம். இரண்டாம் வரியில் பிழை என்று திரையில் வந்தது. அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தும் ஒரு தவறும் அகப்படவில்லை. அப்போது எங்கள் இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர், "எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?" என்று கேட்டார்கள். உண்மை அதுவே. இடைநிரல் பெட்டியைத் தேடிக் காணாமல், "ஒன்றுமில்லை" என்னும் விடையை முதல் வரியிலேயே தந்துவிட்டது. ஒன்றுமில்லாததிடம் போய் மின்னழுத்தம் கேட்டதால்தான் இரண்டாம் வரி இடறி விழுந்தது. பிழை தோன்றும் இடம் வேறு; பிறக்கும் இடம் வேறு. இது நாங்கள் கற்ற முதற்பாடம்.

பெட்டி ஏன் அகப்படவில்லை? கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். முதலாவது, கம்பி. யு.எஸ்.பி. கம்பிக்குள் மின்சாரத்திற்கு இரண்டு இழைகளும் செய்திக்கு இரண்டு இழைகளும் உண்டு. கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் செய்யப்பட்ட சில கம்பிகளில் செய்தி இழைகள் இருப்பதில்லை. விளக்கு எரியும், பேச்சு வராது! எங்கள் கம்பி அத்தகையதே, மாற்றினோம். இரண்டாவது, அனுமதி. லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் அந்த வாயிலைத் திறக்கும் உரிமை நம் பெயருக்கு இருக்கவேண்டும். மூன்றாவது, போட்டி. வேறொரு நிரல் அதே பெட்டியை ஏற்கெனவே பிடித்திருந்தால் நமக்குக் கிடைக்காது. ஒரு கயிற்றை இருவர் இழுக்கலாகாது.

இனி அளவு சரிதானா என்று எப்படி அறிவது? விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்கவேண்டும். பெட்டியிலேயே நாம் விரும்பும் மின்னழுத்தத்தைத் தரும் முனை ஒன்று உண்டு. அதில் 2 வோல்ட் வைத்து, ஒரு கம்பியால் ஏ1 என்னும் முனையில் இணைத்து அளந்து பாருங்கள். 2-க்கு மிக அருகில் வந்தால் இடைநிரலும் கயிறும் நலம். வெளியிலிருந்து ஒரு மின்கலத்தை அளக்கும்போது, அதன் எதிர்முனையைப் பெட்டியின் தரை முனையோடு சேர்க்க மறவாதீர்கள். மறந்தாலும் ஏதோ ஓர் எண் வரும். அதற்குப் பொருள் இராது.

ஏ1 முனை -16 முதல் +16 வோல்ட் வரை அளக்கும். அந்த 32 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிப்பதால் ஒரு படி ஏறக்குறைய 0.008 வோல்ட். ஆகவே திரையில் ஐந்தாறு தசம இலக்கங்கள் தெரிந்தாலும் அத்தனையையும் ஏட்டில் எழுதுவது உண்மையாகாது.

இதுவரை சொன்னவை கூச்சலிடும் பிழைகள். கூச்சலிடாத பிழையே பொல்லாதது. சுவரிலுள்ள மின்கம்பியைத் தொடாமலே, ஏ3 முனையில் ஒரு நீளக் கம்பியை வெறுமனே தொங்கவிட்டால், அறையிலுள்ள மின்சாரத்தின் சாயல் அதில் படும். (வீட்டு மின்சாரத்தைப் பெட்டியில் நேராக ஒருபோதும் இணைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து.) அது நொடிக்கு 50 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்டு. நாங்களும் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அளந்தோம். மெல்ல அசையும் ஒரு சோம்பல் கோடு வந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. கண்காட்சிக்காக அதை அழகாக அட்டையில் வரைந்தும் விட்டோம்!

தவறு எங்கே? துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம் ஆகும். ஒருத்தி சரியாக அந்த இடைவெளியில் மட்டும் வந்து பாலத்தூணில் நீர்மட்டத்தைக் குறித்தால், கடல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்றே எழுதிப் போவாள். அவள் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரம்தான் தவறு. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறைக்கு மேல் அளந்தாக வேண்டும். பலமுறை அளந்தால் உருவமும் தெளிவாகத் தெரியும்.

பிறகு 100 மைக்ரோ செகண்டு இடைவெளியில் 500 அளவுகள் எடுத்தோம். மொத்தம் 50 மில்லி செகண்டு. இரண்டரை அலைகள் தெளிவாகத் தெரிந்தன. இங்கும் ஒரு கண்ணி உண்டு. இடைநிரல் இடைவெளியை மைக்ரோ செகண்டில் கேட்டு, விடையை மில்லி செகண்டில் தருகிறது. அலகைப் பாராமல் வரைந்தால் ஆயிரம் மடங்கு பிழை நேரும். பழைய அட்டையைக் கிழித்துப் புதிதாக வரைந்தோம். பெற்றோர்கள் வருவதற்கு முன்னாள் மாலை அது. சற்று வருந்தினோம், ஆனால் வெட்கப்படவில்லை.

இது வெறும் பள்ளிக்கூட விளையாட்டு அன்று. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையை நம் துறைமுகத்தின் ஓத அளவியும் பதிவு செய்தது. 2007-ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடற்கரையோரக் கருவிகள் அனுப்பும் எண்களை அங்கே இரவும் பகலும் பார்க்கிறார்கள். அவர்களும் கடலைக் காண்பதில்லை. கயிற்றின் முனையைத்தான் பிடித்திருக்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கிறதா, கருவி மௌனமாகிவிட்டதா என்று பிரித்தறிவதில் நம் கரையோர மக்களின் உயிர் இருக்கிறது.

ஆகவே தங்கையரே, திரையில் எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கம்பியைப் பாருங்கள், விடை தெரிந்ததைக் கேட்டுப் பாருங்கள், அலகைப் பாருங்கள், நேரத்தைப் பாருங்கள். அதன் பிறகே ஏட்டில் எழுதுங்கள். கயிறு பிடிப்பவர் கண்ணயரலாகாது; இச்சோதனையில் கயிறு பிடிப்பவர் இடைநிரல் என்று முதலில் சொன்னோம். அதற்கும் பின்னால் விழித்திருக்க வேண்டியவர் நாமே!