உருளைப் புழுவும் ஓயாத பல்லவியும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து, நூறு முறை இம்போசிஷன் எழுதாதவர் நம்மில் எத்தனை பேர்? ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று அப்போதெல்லாம் நான் எண்ணுவதுண்டு. இவ்வாண்டு பாரம்பரியம் பற்றிய பாடம் நடத்தும்போது, "இயற்கையும் இம்போசிஷன் எழுதுகிறது" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை. அது என்னவென்று தேடிப் படித்தேன். படித்த செய்தி எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்து நின்றது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு எழுத்தில் ஒரு நூல்

உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல். மனிதனிடம் இந்நூல் ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுள்ளது. மண்ணில் வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் நூலிலோ ஏறத்தாழ 10 கோடி எழுத்துக்கள் உள்ளன. 1998-ல் விஞ்ஞானிகள் அதைப் படித்து வெளியிட்டனர். பல செல் விலங்குகளில் முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டது இச்சிறு புழுவே.

படித்தவர்கள் கண்டது என்ன? புரதம் செய்யக் கட்டளையிடும் ஜீன்களுக்கு இடையே, ஒரே சொற்றொடர் கீர்த்தனையின் பல்லவிபோல மீண்டும் மீண்டும் வருகிறது. இவற்றை 'மீள்வரிகள்' என்று அழைக்கலாம்.

வீணா, வேலையா?

ஜப்பானில் கல்வி பயின்று அமெரிக்காவில் ஆராய்ந்த சுசுமு ஓனோ என்ற அறிஞர், ஜீனாகப் பயன்படாத டி.என்.ஏ.வை 1972-ல் 'குப்பை' என்றே குறிப்பிட்டார். ஆனால் மீள்வரிகள் யாவும் குப்பையல்ல. நாம் தலையில் கட்டும் ரிப்பனின் நுனி நூல் பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் லேசாகச் சுடுவோமல்லவா? குரோமோசோமின் நுனிக்கும் அத்தகைய காப்பு உண்டு. எலிகன்ஸ் புழுவில் அது தைமின், தைமின், அடினைன், குவானைன், குவானைன், சைட்டோசின் என்ற ஆறெழுத்துச் சொல், அடுக்கடுக்காக எழுதப்பட்டிருக்கும். மனிதருக்கும் இதே சொல்தான். கடைசி எழுத்து மட்டும் குவானைன்! புழுவுக்கும் நமக்கும் இங்கே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு.

இன்னொரு விந்தை கேளுங்கள். 1887-ல் ஜெர்மானிய விஞ்ஞானி தியோடர் போவேரி, குதிரையின் குடலில் வாழும் உருளைப் புழுவின் கரு வளர்வதை நுண்நோக்கியில் கண்டார். உடலாக வளரும் செல்கள் தம் குரோமோசோமின் சில பகுதிகளை உதறிவிட்டன. முட்டையும் விந்துவும் ஆகவேண்டிய செல்கள் மட்டும் அனைத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டன. பன்றியின் உருளைப் புழுவை ஆராய்ந்தோர், அது தன் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 13 சதவீதத்தை இவ்வாறு உதறுகிறது என்று 2012-ல் எழுதினர். உதறியதில் பெரும்பகுதி, 121 எழுத்துக்கள் கொண்ட ஒரே மீள்வரிதான்.

நோய் காட்டும் பல்லவி

யானைக்கால் நோயைத் தருபவையும் உருளைப் புழுக்களே. நம் நாட்டில் பெரும்பாலும் உச்சரேரியா பான்கிராப்டி என்ற இனம். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் புருகியா மலாயி என்ற இனமும் இருந்தது. உச்சரேரியாவின் குஞ்சுகளை மனித இரத்தத்தில் 1872-ல் லூயிஸ் என்ற மருத்துவர் கண்டது நம் கல்கத்தாவில்தான். இக்குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்திருந்து, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நள்ளிரவு வேளையில் தோலடி இரத்தத்திற்கு வரும். ஆகவேதான் இரத்தச் சோதனை இரவில் செய்யப்படுகிறது.

1986-ல், புருகியா மலாயியின் டி.என்.ஏ.வில் 322 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி சுமார் 30,000 முறை எழுதப்பட்டிருப்பதைக் கண்டறிந்தனர். உச்சரேரியாவுக்கும் நூற்றுக்கணக்கான முறை வரும் தனி வரியொன்று உண்டு. இதன் பயனை எண்ணிப் பாருங்கள்! ஒரு நூலில் ஒரே ஒருமுறை வரும் சொல்லைத் தேடுவது கடினம்; பக்கந்தோறும் வரும் பல்லவியைக் கிழிந்த தாள் ஒன்றிலிருந்தும் அடையாளம் காணலாம். அந்தப் பல்லவி இனத்துக்கு இனம் வேறுபடுவதால், எந்தப் புழு என்றும் சொல்லிவிடலாம்.

எனவே கொசுக்களைப் பிடித்து, பல கொசுக்களை ஒன்றாக அரைத்து, பி.சி.ஆர். என்னும் முறையால் அந்த வரியைப் பெருக்கிப் பார்க்கின்றனர். வரி கிடைத்தால், அந்தக் கொசுக்கள் கடித்த மக்களில் யாரோ ஒருவர் இரத்தத்தில் இன்னும் புழு இருக்கிறது என்று பொருள். யாரையும் நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. 1975-ல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட கொசு முதலியவற்றை ஆராயும் மத்திய நிலையம், கடலூர் மாவட்டத்தில் இம்முறையைச் சோதித்திருக்கிறது. இலங்கையிலும் இது பயன்பட்டது. அந்நாடு 2016-ல் யானைக்கால் நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஆயா

இனி என் வீட்டுக் கதை. எங்கள் ஆயாவின் இடது கால் முழங்கால் வரை வீங்கியிருக்கும். புடவைக் கொசுவத்தால் அதை மறைத்துக்கொண்டே திண்ணையில் அமர்வார். சிறு வயதில் தோழியரை வீட்டுக்கு அழைக்க நான் கூசியதுண்டு. அதை எழுத இன்று வெட்கப்படுகிறேன்.

இவற்றைப் படித்தபின் ஆயாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல ராத்திரியில ரத்தம் எடுக்க வந்தாங்க கண்ணு. அந்நேரத்துல யாருன்னு கதவைத் தொறக்கறது? பகல்ல வரக்கூடாதான்னு உங்க தாத்தா திட்டி அனுப்பிட்டாரு" என்றார். இரவில் வந்த காரணத்தை நான் சொன்னபோது, வெகு நேரம் பேசாமல் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அன்னைக்கு ஒருத்தராவது இப்படி வெளக்கிச் சொல்லியிருந்தா தொறந்திருப்போம்" என்றார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் அண்ணன்மார் பலர் எங்கள் தெருவில் குடியிருக்கின்றனர். "இவர்கள்தாம் இந்த நோயைக் கொண்டுவருகிறார்கள்" என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த அண்ணன்மார் பிறக்கும் முன்பே ஆயாவின் கால் வீங்கிவிட்டது. கொசு ஊரும் மொழியும் பார்ப்பதில்லை. தேங்கிய சாக்கடையைத்தான் பார்க்கிறது. அது அவர்கள் வாசலிலும் ஓடுகிறது, எங்கள் வாசலிலும் ஓடுகிறது.

முடிவுரை

முற்றி வீங்கிய கால் மாத்திரையால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்து, உயர்த்தி வைத்தால் காய்ச்சலும் வீக்கமும் குறையும். மாலையில் அதைச் செய்வது இப்போது என் வேலை. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் அரசு ஆண்டுதோறும் மாத்திரை வழங்கிவந்துள்ளது. 2027-க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பது குறிக்கோள். ஆகவே தோழியரே, மாத்திரை தந்தால் வாங்கி ஜன்னல் வழியே எறியாதீர்கள். இரவில் சோதனைக்கு வந்தால் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். ஏன் இரவில் வருகிறார்கள் என்பதைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் நூறு முறை சொல்வோம். பல்லவியின் பயன் இப்போது நமக்குத் தெரியுமல்லவா!