நாடி பிடித்துப் பார்ப்போம்

கடந்த கந்தசஷ்டி விரத நாட்களில் எமது ஆலய மடைப்பள்ளியில் தொண்டு செய்யும் அம்மா ஒருவர், படியேறும்போது மூச்சிளைத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். “விரதக் களைப்புத்தான், கொஞ்சம் பால் குடித்தால் சரி” என்றார். நாமும் அப்படியே நம்பினோம். பாரணை முடிந்து ஒரு வாரமாகியும் களைப்பு நீங்காததால் மகள் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்த கையோடு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னாராம். நோயின் பெயர் ஏட்ரியல் பிப்ரிலேஷன். தமிழில் இருதய மேலறை நடுக்கம் எனலாம். அந்த அம்மாவின் சம்மதத்துடனேயே இதை இங்கு எழுதுகிறோம்.

இருதயத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள் உண்டு என்பது பள்ளிக்கூடத்திலேயே நாம் படித்ததுதான். வலது மேலறையின் உச்சியில் சிறு தசைக் கணு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஆதர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டு இதனை விவரித்து எழுதினார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை இக்கணுவில் மின் தூண்டல் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள இன்னொரு கணுவில் சற்றே தாமதித்து, பின் கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறைகள் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளுவதற்கு அந்தத் தாமதம் வேண்டும்.

மேலறை நடுக்கத்தில் முதற் கணுவின் ஆட்சி போய்விடுகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான தூண்டல்கள் எழுவதால், அவை சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. நடுவிலுள்ள கணு ஒரு வாயிற்காவலன் போல நின்று சிலவற்றை மட்டுமே கீழே விடுகிறது. எதை விடும், எப்போது விடும் என்பதில் ஓர் ஒழுங்கும் கிடையாது. எனவே நாடியிலும் ஒழுங்கு இல்லை.

தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதைக் கண்டுகொள்வது கடினமல்ல. சிலருக்கு இடையில் ஓர் அடி முந்தி விழுந்து, சிறிது நின்று, பழையபடி தாளம் தொடரும். நித்திரைக் குறைவு, கடும் தேநீர், மனக்கவலை ஆகியவற்றால் வரும் இத்தகைய தனித்த துடிப்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஏட்ரியல் பிளட்டர் என்பது வேறொரு வகை. அதில் மேலறை நிமிடத்துக்குச் சுமார் 300 தடவை அடிக்க, கீழறை பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்றாக 150 அடிக்கும். நாடி விரைவாக இருந்தாலும் ஒழுங்காகவே தோன்றலாம். மேலறை நடுக்கத்திலோ எந்தத் தாளத்திலும் அடங்காது. அடுத்த அடி எப்போது விழும் என்று ஊகிக்கவே இயலாது. ஓர் அடி பலமாகவும் மற்றது மெலிந்தும் விழும்.

நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து நாடி பார்த்ததைப் போலவே நாமும் செய்யலாம். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தபின், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதன் துடிப்பே குழப்பிவிடும். ஒழுங்கில்லை என்று தோன்றினால் ஈ.சி.ஜி. கேளுங்கள். இந்நோய் வந்து வந்து போகக்கூடியது. ஒருநாள் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருப்பதால் நோயில்லை என்று ஆகிவிடாது. அதற்காகவே ஒருநாள் அல்லது அதற்கு மேலும் உடலில் அணிந்திருக்கும் பதிவுக்கருவிகள் உள்ளன.

ஏன் வருகிறது? முதுமையும் உயர் இரத்த அழுத்தமுமே முதன்மையானவை. நீரிழிவு, உடற்பருமன், குறட்டையுடன் நித்திரையில் மூச்சு நின்றுபோதல், தைரொயிட் மிகையாகச் சுரத்தல், நிமோனியாக் காய்ச்சல் ஆகியவையும் காரணமாகலாம். மதுவும் அப்படியே. விடுமுறை நாட்களில் குடித்துவிட்டு இப்படி வந்தவர்களைப் பார்த்த அமெரிக்க வைத்தியர்கள் 1978இல் இதற்கு “விடுமுறை இருதயம்” என்றே பெயரிட்டார்கள். கோயில் இதழில் எழுதக் கூச்சமாயினும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவுக்குக் காரணம் வேறு. சிறுவயதில் ஊரில் தொண்டை நோவுக்குப் பின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போட்டார்களாம். வாதக் காய்ச்சல் எனும் அந்நோய் இருதயத்தின் இடப்பக்க வால்வை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். இந்நாட்டில் இளம் வைத்தியர்கள் பலர் இதை அதிகம் கண்டிருக்க மாட்டார்கள், கேட்காமலும் விடலாம். ஊரில் அந்த ஊசி போட்டவர்கள் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

பெரிய ஆபத்து படபடப்பு அன்று. நடுங்கும் மேலறையில், சிறப்பாக அதன் இடப்பக்கச் சிறுபையில், இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அமெரிக்காவின் பிராமிங்கம் நகரில் 1948 முதல் நடந்துவரும் ஆய்வு, இந்நோயாளருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. எந்தத் தொல்லையும் உணராதவருக்கும் இது நேரலாம். முகம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், அல்லது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலும், தண்ணீர் தெளித்துக் காத்திராமல் உடனே அம்புலன்சை அழையுங்கள்.

உறைவைத் தடுக்கும் மருந்துகள் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. அஸ்பிரின் அதற்கு ஈடாகாது. 2010க்குப் பின் வந்த புதிய மாத்திரைகள் பலருக்கு ஏற்றவை. ஆனால் வாதக் காய்ச்சலால் வால்வு இறுகியவர்களுக்கு பழைய வார்பரினே மேலானது என்று 2022இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வார்பரின் எடுப்பவர் கீரையை விட்டுவிடத் தேவையில்லை. ஒரு வாரம் நாள்தோறும் கீரை, மறுவாரம் ஒன்றுமேயில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாக உண்டால் போதும். விரதம் பிடிப்பவர்கள் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

அந்த அம்மா இப்போது மீண்டும் மடைப்பள்ளிக்கு வருகிறார். படியேறுவதில்லை, கீழே அமர்ந்து காய்கறி நறுக்குகிறார். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து நாடி பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.