வண்ணத்தாளும் தூரிகையும்

ஓவியக் கல்லூரியில் முதலாண்டைத் தொடங்கும் இளம் கலைஞருக்கு,

கலை பயில வரும் மாணவர் மனத்தில் உள்ளதை உடனே தீட்டிக் காட்டவே விரும்புவார் என்பதால், தாளை மடிக்கவும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டவும் சொல்லும் பயிற்சியைத் தம் திறமைக்குக் குறைவானதாக எண்ணுவது இயல்பே. ஆயினும் அப்பயிற்சிகள் எதற்காக வகுக்கப்பட்டன என்று அறிந்தபின் அவற்றை ஏற்பதா தள்ளுவதா என முடிவு செய்வதே முறை.

1919இல் வால்டர் குரோப்பியஸ் ஜெர்மனியின் வைமார் நகரில் நிறுவிய பௌஹவுஸ் பள்ளியில், நெசவு, உலோகம் போன்ற பட்டறைகளில் சேருமுன் மாணவர்கள் பொதுவான தொடக்கப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. அதை வகுத்த யோஹன்னஸ் இட்டென் மூச்சுப் பயிற்சியையும் வகுப்பில் சேர்த்திருந்தார். அதை இன்றைய மாணவர் விட்டுவிடலாம். 1923இல் அவர் விலகியபின் அத்தொடக்கப் பயிற்சியை நடத்தியவர்களுள் ஒருவரான யோசெஃப் ஆல்பர்ஸ், செய்தித்தாள்களைக் கொடுத்து எதையேனும் செய்யச் சொன்னபோது, கோட்டையும் விமானமும் செய்தவர்களை விட்டுவிட்டு, தாளை நெடுக்காக மடித்து நிற்கவைத்தவரையே பாராட்டினார் என்று அவருடைய மாணவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். கோட்டையைக் கல்லிலும் கட்டலாம். துவண்டு கிடக்கும் பொருள் ஒரே மடிப்பில் நிமிர்வதோ தாளுக்கே உரிய இயல்பு.

நாஜி ஆட்சியின் நெருக்கடியால் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட, அமெரிக்காவுக்குச் சென்ற ஆல்பர்ஸ் பிளாக் மவுண்டன் கல்லூரியிலும், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். வண்ண வகுப்பில் அவர் குழைத்த வண்ணத்தைவிட வண்ணத்தாளையே விரும்பினார். குழைக்கும்போது வண்ணம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறிவிடும், தாளின் வண்ணமோ மாறாது. ஒரே தாளின் இரு துண்டுகளை இருவேறு பின்புலங்களில் வைத்து, அவை இரு வண்ணங்களாகத் தோன்றச் செய்வது அங்கே புகழ்பெற்ற பயிற்சி.

மாணவர் படைப்புகளை வரிசையாக வைத்து ஆசிரியரும் சக மாணவர்களும் கருத்துரைக்கும் விமர்சன அமர்வுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பின்புலம் தன் வேலையைச் செய்ததா இல்லையா என்பதை அந்த வண்ணத்தாள் பயிற்சியில் எவரும் கண்ணால் சோதித்துவிடலாம்; பிடித்தது, பிடிக்கவில்லை என்னும் பேச்சில் அந்த வசதி இல்லை, அமர்வுகள் பல வீணாவதும் அதனால்தான். ஆகவே படைப்பை முன்வைக்கும் மாணவர், தாம் தீர்க்க முயன்ற சிக்கல் என்ன என்பதை ஒரு வரியில் எழுதிக்கொண்டு செல்வது நல்லது. ஆசிரியரே தூரிகையை வாங்கித் திருத்த முன்வந்தால், பணிவோடு தடுத்து, குறை எங்கே உள்ளது என்று மட்டும் கேட்டறிய வேண்டும்.

சிக்கலை எழுதிக்கொள்வதுபோல், செய்ததைக் குறித்து வைக்கும் பழக்கத்துக்கும் ஆல்பர்ஸே சான்று. சதுரத்துக்குள் சதுரமாக அவர் 1950 முதல் தீட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில், பயன்படுத்திய வண்ணங்களின் பெயர்களைப் பலகையின் பின்புறத்தில் எழுதிவைப்பது அவர் வழக்கம்.