வேப்ப மரமும் ஒரு பாதுகாப்புக் கருவியே!



பாதுகாப்புக் கருவிகள் எவை என்று கேட்டால், ஹெல்மெட், கண்ணாடி, ஷூ என்று மனப்பாடமாக ஒப்பிப்போம். அந்தப் பட்டியலில் ஒரு வேப்ப மரத்தையும் சேர்க்கச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது!

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன. காலையிலிருந்து லேத் முன் நின்று ஒரே மாதிரி புஷ் கடைசல். மதியம் மூன்று மணி இருக்கும். ஜாபைச் சக்கில் மாட்டி இறுக்கினேன். சக் கீயை எடுக்காமலே ஸ்விட்சை நோக்கிக் கை நீட்டினேன். "தம்பி, நில்லு!" பக்கத்து மெஷின் அண்ணன் பாய்ந்து என் கையைப் பிடித்தார். மெஷின் சுழன்றிருந்தால் அந்தக் கீ என் முகத்துக்கே பறந்து வந்திருக்கும்.

அவர் திட்டவில்லை. "உனக்குத் தெரியாம இல்ல. மூளை களைச்சுப் போச்சு. டீ டைம்ல என்ன பண்ணே?"

"செல் பாத்துட்டு இருந்தேண்ணே."

"நாளைக்கு அதைப் பையில வச்சுட்டு என்னோட வா."

மறுநாள் காம்பவுண்டு ஓரத்து வேப்ப மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். நிழல், காற்று, ஓடித் திரியும் அணில், அவ்வளவுதான். பயிற்சி முடியும்வரை அதுவே வழக்கமாயிற்று. பிற்பகல் வேலையில் தலை தெளிவாக இருந்ததை நானே உணர்ந்தேன்.

இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது?

1. முயன்று செலுத்தும் கவனம் தசையைப் போலவே களைக்கும். இலை அசைவதையோ மேகத்தையோ பார்க்க முயற்சி தேவையில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வு பெறுகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989-இல் வெளியிட்ட நூலில் தந்த விளக்கம் இது.

2. அருகிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணின் உள்தசை இறுகியே இருக்கும். தூரத்துப் பச்சையைப் பார்க்கும்போது அது தளர்கிறது. செல்போன் பார்ப்பது கண்ணுக்கு ஓய்வல்ல, ஓவர்டைம்!

3. ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினர். அது நோயாளிகளைப் பற்றியது என்றாலும், பணியிடத்துக்கும் பாடம் உண்டு.

4. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களில் அதிகம் பேர் நலமாக இருப்பதாகக் கூறினர்.

ஒரு எச்சரிக்கை! மரம் இருக்கிறதே என்று மெஷினுக்கு கார்டு போடாமல் விடக்கூடாது. வேலை நேரத்தை நீட்டிவிட்டு வாசலில் பூந்தொட்டி வைப்பது நலத்திட்டம் ஆகாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளை தரவேண்டும் என்று எழுதி வைத்தது. இடைவேளை உரிமை, அதை எங்கே கழிப்பது என்பது நம் அறிவு.

நாளை நம்மில் சிலர் சூபர்வைசர் ஆவோம், சிலர் சொந்தமாகப் பட்டறை வைப்போம். அப்போது ஒரு மரமும் அதன் கீழ் ஒரு பெஞ்சும் போட மறக்கவேண்டாம். அதற்கு முன், நம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இந்த ஆண்டே நாலு புங்கங்கன்று நடுவோமா? குழி வெட்ட நான் ரெடி. தண்ணீர் ஊற்ற நீங்க வாங்க!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை