மாதவிடாய் நின்ற பிறகும் கருப்பையில் கட்டியா?

உங்கள் பிள்ளையின் படிவம் 1 அறிவியல் பாடநூலில் மாதவிடாய்ச் சுழற்சி பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஆகிய ஹார்மோன்களைச் சூலகம் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவரை மாதந்தோறும் தடிக்கச் செய்யும் இந்த ஹார்மோன்களே ‘ஃபைப்ராய்டு’ கட்டிகளையும் வளர்க்கின்றன.

ஃபைப்ராய்டு என்றால் என்ன?

கருப்பையின் தசைச் செல்கள் பெருகி உருவாகும் கட்டி இது. புற்றுநோய் அன்று. பட்டாணி அளவிலும் இருக்கலாம். தேங்காய் அளவுக்கும் வளரலாம். பலருக்கு இது இருப்பதே தெரியாது.

மாதவிடாய் நின்றால் என்ன ஆகும்?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். அதன்பின் ஹார்மோன் குறைவதால் கட்டியும் பொதுவாகச் சுருங்கும். சிலவற்றில் சுண்ணாம்புச் சத்து படிந்து கட்டி இறுகிவிடும். தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சை தேவையில்லை.

சிலருக்கு ஏன் சுருங்குவதில்லை?

உடற்கொழுப்பும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது. ‘அரோமட்டேஸ்’ என்ற நொதி இந்த வேலையைச் செய்கிறது. ஆகவே, உடல் பருமன் உள்ளவர்களுக்கும் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் கட்டி சுருங்காமல் இருக்கலாம். ஹார்மோன் மாத்திரை, ஜாமு, நாட்டு மருந்து என எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பரிசோதனை அவசியம். “பழைய கட்டிதானே” என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். இப்படி இரத்தம் கண்டு பரிசோதிக்கப்படும் 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானதே. புற்றுநோயாகவே இருந்தாலும் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

ஹார்மோன் எடுக்காதபோதும் கட்டி வளர்கிறதா? அரிதான ‘சார்கோமா’ புற்றுநோயா என்று மருத்துவர்கள் ஆராய்வார்கள்.

என்ன பரிசோதனை? என்ன சிகிச்சை?

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தம் கண்டவருக்கு உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அதிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது வழக்கம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்டு.

இளம் பெண்களுக்குக் கட்டியைச் சுருக்க, ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடுவார்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே குறைந்துவிட்டதால் அந்த ஊசியால் பெரிய பயன் இல்லை. ஹார்மோன் மாத்திரையை நிறுத்துவது, கட்டியைக் கண்காணிப்பது, தொல்லை மிகுந்தால் கருப்பையை அகற்றுவது ஆகியவையே முக்கிய வழிகள்.

அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: “கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுப்பீர்களா, முழுதாக எடுப்பீர்களா?” ஃபைப்ராய்டு என்று கருதி அறுவைச் சிகிச்சை செய்யப்படும் ஏறக்குறைய 350 பெண்களில் ஒருவருக்கு சார்கோமா மறைந்திருக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2014இல் மதிப்பிட்டது. கட்டியைத் துண்டாக்கும் கருவி அந்தப் புற்றுநோயை வயிற்றுக்குள் பரப்பிவிடலாம் என்றும் எச்சரித்தது. வயது கூடக்கூட இந்த அபாயமும் கூடுகிறது.

ஜொகூரில் எங்கே செல்வது?

அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள். தேவையெனில், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள மகளிர் நோய் நிபுணரைப் பார்க்கக் கடிதம் தருவார்கள். கடைசி மாதவிடாய் வந்த காலம், இரத்தம் பட்ட தேதி, எடுக்கும் மருந்துகள் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.