விகடகவியும் கணினியும்: நிரலைப் பகிர்வோம், தமிழை வளர்ப்போம்

 

நம் முன்னோர் இயற்றிய நூல்கள் ஒரு காலத்தில் பனையோலைச் சுவடிகளாகவே இருந்தன. சுவடி வைத்திருந்தோர் சிலர் அதைப் பிறர் கண்ணிற் படாமற் பெட்டியிற் பூட்டி வைத்தனர். பெட்டிக்குள் செல் புகுந்தது, நூலும் அழிந்தது. கேட்டவர்க்கு ஈந்தோரின் சுவடிகளோ அச்சேறி இன்றளவும் வாழ்கின்றன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டிற் பதிப்பித்தனர். பல இடங்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒப்பு நோக்கியே அவர்கள் பிழை நீக்கினர்.

இன்று அதே நிலை வேறு வடிவில் நம்முன் நிற்கின்றது. கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். நம் பிள்ளைகள் பலர் நிரல் எழுதக் கற்று வருகின்றனர். எழுதியதைத் தம் கணினிக்குள்ளேயே பூட்டி வைப்பதா, பிறரோடு பகிர்வதா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கணினி அறியாத விகடகவி

‘விகடகவி’ என்னும் சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவியே. ஆனால் கணினியிடம் இச்சொல்லைத் திருப்பச் சொன்னால் அது தவறிவிடும். காரணம் யாது? யூனிகோடு முறையில் ‘வி’ என்பது ஓர் எழுத்தன்று; வகரம் ஒரு குறி, இகர உயிர்க்குறி மற்றொரு குறி. ஆகவே நமக்கு 5 எழுத்தாகிய இச்சொல் கணினிக்கு 7 குறிகள். அவற்றைப் பின்னிருந்து அடுக்கினால் உயிர்க்குறி முன்னும் வகரம் பின்னுமாய்ச் சொல் சிதைகின்றது.

இதற்குத் தீர்வு உண்டு. கொம்போ, காலோ, புள்ளியோ வந்தால் அதனை முந்திய எழுத்தோடு சேர்த்துக்கொள் என்று சில வரிகள் எழுதினாற் போதும். அவ்வரிகளை ஒரு மாணவி எழுதிப் பகிர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் படிக்கும் இன்னொருவர், ‘க்ஷ’ வந்தால் என் செய்வது என்று கேட்பார். அது 3 குறிகளால் ஆனது. மூன்றாமவர் அதற்கும் ஒரு வரி சேர்ப்பார். தனியே இருந்தால் குறையோடு நின்றிருக்கும் நிரல், பலர் கைபட்டு நிறைவு பெறுகின்றது.

இவ்வாறே வளர்ந்ததுதான் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுப்பு. தமிழில் நிரல் எழுதுவதற்கென ‘எழில்’ மொழியை ஆக்கிய முத்தையா அண்ணாமலையும் பிற ஆர்வலரும் இதனை வளர்த்தனர். எழுத்துப் பிரிக்கும் பணியை இது செய்து தருகின்றது. எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம்.

பகிராமையால் வந்த இடர்

யூனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பல தத்தமக்கென வேறு வேறு குறிமுறை கொண்டிருந்தன. ஒன்றில் எழுதிய கடிதம் மற்றொன்றில் வெறுங் கீறல்களாகத் தோன்றியது. பழைய எழுத்துரு மறைந்தால் எழுதியதும் வாசிக்க இயலாமற் போகும் நிலை. இதனை உணர்ந்தோர் பகிரும் வழியை நாடினர். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் அவர் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூல் திருக்குறள். பல நாடுகளில் வாழும் தொண்டர்கள் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் உதவ, அது பெருகியது.

ஆங்கிலத்திற்கு நிரல் எழுதுவோர் எண்ணற்றோர். தமிழுக்கு எழுதுவோர் சிலரே. அச்சிலரும் ஒருவர் செய்ததையே மற்றவர் மீண்டும் செய்து காலத்தைக் கழிப்பின், இழப்பு நம் மொழிக்கேயாம்.

இரண்டு அச்சங்கள்

‘என் நிரலிற் பிழை இருந்தால் நகைப்பார்களே’ என்பது முதல் அச்சம். பிழையைப் பிறர் காட்டுவதே கற்றலின் விரைவான வழி. எனவே சுட்டிக் காட்டுவோரும் இன்சொல்லாற் காட்டுதல் வேண்டும்.

‘என் உழைப்பைப் பிறர் திருடுவரே’ என்பது இரண்டாவது. பகிர்தல் உரிமையைத் துறத்தல் அன்று. இதற்கெனவே உரிமங்கள் உள்ளன. எம்.ஐ.டி. உரிமம் ஆக்கியோன் பெயரும் உரிமக் குறிப்பும் நீங்கலாகாது என்கின்றது. 1989இல் வெளிவந்த குனூ பொது உரிமம், திருத்தி வெளியிடுவோரும் தம் மூலநிரலைத் தரவேண்டும் என்கின்றது.

பகிரும் முறை

1. நிரல் என்ன செய்கின்றது என்பதைத் தொடக்கத்திலே தமிழில் இரண்டு வரி எழுதுக.
2. கடவுச்சொல், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்குக. சிறுவர் தம் முழுப்பெயரையும் தவிர்க்க. பெற்றோர் உடனிருந்து பார்க்க.
3. உரிமத்தைக் குறிப்பிடுக. உரிமம் இல்லாத நிரலைப் பிறர் எடுத்தாள உரிமை இல்லை.
4. பிறரிடமிருந்து பெற்ற பகுதிக்கு அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுக.

பயிற்சி

நம் ஊராகிய புவாண்ட்-கிளேர் என்னும் பெயரில், இடைக்கோடு நீங்கலாக, எழுத்துகள் எத்தனை? கணினிக் குறிகள் எத்தனை? (விடை: 7, 14.) இவ்விரண்டையும் எண்ணிச் சொல்லும் நிரலொன்றை எழுதுக. எழுதியபின் அதை வகுப்பில் அருகிருக்கும் நண்பருக்குக் காட்டுக. பகிர்தல் அங்கிருந்தே தொடங்கட்டும்.

வாழ்க தமிழ்!