நான்காம் நிலையில் நிறுத்தும் கணக்கு

காளிகாட் கிளையில் நாம் பணியேற்ற இரண்டாம் ஆண்டு அது. ஒரு பிற்பகலில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும் நம் மேசைக்கு வந்தனர். தந்தை நெடுநாள் வாடிக்கையாளர். மகன் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். தந்தையின் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. காரணம் கேட்டோம்.

"ஏதோ விண்வெளி விளையாட்டாம் சார். மாசம் 20 டாலர் சந்தா. நீங்களாவது இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் தந்தை.

மகன் வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். கோடிட்ட பேரேடு போல நாள்வாரியாக எண்கள். அவனுடைய விளையாட்டுப் பாத்திரம் எந்தத் திறனை எந்தத் தேதியில் எந்த நிலைவரை கற்று முடிக்கும் என்ற பதினான்கு மாதத் திட்டம் அது. உபதேசம் செய்யத் தயாராக இருந்த நாம் அந்தப் பக்கங்களைப் பார்த்ததும் பேசாமல் கால்குலேட்டரைக் கையில் எடுத்தோம். வட்டிக் கணக்கிலேயே வயது கழிந்தவர்களுக்கு இப்படி ஒரு பலவீனம் உண்டு.

விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரிலுள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதத்தில் இதை வெளியிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே விண்வெளியில் கப்பலோட்டி, சுரங்கம் தோண்டி, வாணிபம் செய்து, போரிட்டு வாழ்கிறார்கள். பொருள்களின் விலையைப் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் கொள்வனவும் விற்பனையுமே தீர்மானிக்கின்றன. 2007ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் இந்தக் கற்பனைப் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு பொருளியல் அறிஞரைப் பணியமர்த்தியது என்றால் அதன் அளவை ஊகித்துக் கொள்ளலாம்.

மற்ற விளையாட்டுகளில் எதிரிகளை வீழ்த்த வீழ்த்தப் பாத்திரத்தின் திறன் கூடும். இதில் அப்படியன்று. கற்க வேண்டிய திறனைத் தேர்ந்து வரிசையில் வைத்துவிட்டால் போதும். கடிகாரம் ஓட ஓடத் திறன் புள்ளிகள் சேரும். கணினியை அணைத்துவிட்டு உறங்கினாலும் சேரும். ஞாயிற்றுக்கிழமையிலும் வைப்புத்தொகைக்கு வட்டி ஏறுவதைப் போன்ற ஏற்பாடு இது. ஆகவே புதிதாக வருபவருக்கு முதல் கேள்வி, எதை முதலில் கற்பது, எதுவரை கற்பது என்பதே.

ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள். எளிய திறன் ஒன்றில் முதல் நிலைக்கு 250 புள்ளிகள் வேண்டும். மூன்றாம் நிலையை எட்ட மொத்தம் 8,000, நான்காம் நிலைக்கு 45,255, ஐந்தாம் நிலைக்கு 2,56,000. ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல ஏறக்குறைய ஐந்தரை மடங்கு. கடினமான திறன்களுக்கு இவற்றை இரண்டாலோ மூன்றாலோ அதற்கு மேலோ பெருக்கிக்கொள்ள வேண்டும். பாத்திரத்துக்கு அறிவு, நினைவு, கூர்நோக்கு, மனவுறுதி, வசீகரம் என ஐந்து பண்புகள் உண்டு. ஒரு திறனுக்குரிய முதன்மைப் பண்பின் எண்ணோடு துணைப் பண்பின் எண்ணில் பாதியைக் கூட்டினால், ஒரு நிமிடத்தில் சேரும் புள்ளி கிடைக்கும். இரண்டும் 20 என்றால் நிமிடத்துக்கு 30. இது சந்தா கட்டுவோரின் வேகம். இலவசக் கணக்குக்கு இதில் பாதி.

நிமிடத்துக்கு 30 என்ற வேகத்தில் எளிய திறனை நான்காம் நிலைவரை கற்க ஏறத்தாழ 25 மணி நேரம் போதும். ஐந்தாம் நிலைவரை கற்க ஆறு நாள் ஆகிறது. பயனோ எல்லா நிலைக்கும் ஒன்றே. எடுத்துக்காட்டாக, கப்பலின் கணிப்பொறித் திறனைக் கூட்டும் பயிற்சி நிலைக்கு 5 விழுக்காடு தருகிறது. ஒரு நாளில் 20 விழுக்காடு. எஞ்சிய 5 விழுக்காட்டுக்கு மேலும் ஐந்து நாள். அந்தக் கடைசிப் படி விழுங்கும் 2,10,745 புள்ளிகளைக் கொண்டு வேறு நான்கு எளிய திறன்களை நான்காம் நிலைக்குக் கொண்டுபோகலாம். மிச்சத்தில் இன்னும் மூன்றை மூன்றாம் நிலைவரை உயர்த்தலாம்.

மாணவனின் நோட்டில் முதல் ஆறு பக்கங்களும் ஐந்தாம் நிலைகளாகவே இருந்தன!

"ஏம்பா இப்படி?" என்று கேட்டோம்.

"அடித்தளம் முழுசா இருக்கணும் சார். அப்புறம்தான் கப்பலை வெளியே எடுக்கணும்" என்றான். ஏழெட்டு மாதமாக இலவசக் கணக்கில் நாள்தோறும் நுழைந்து, மறுநாளுக்குரிய திறனை வரிசையில் வைத்துவிட்டு வெளியேறியிருக்கிறான். இலவசக் கணக்கில் 50 லட்சம் புள்ளிகளுக்கு மேல் பயிற்சி ஓடாது. அந்த எல்லையை எட்டியதால்தான் தந்தையின் அட்டையைத் தேடி வந்திருக்கிறான். இத்தனை நாளில் அவன் கப்பல் விண்வெளி நிலையத்தை விட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

இந்த மயக்கம் அவனுக்கு மட்டும் உரியதன்று. 2010 வரை அந்த விளையாட்டில் கற்றல் திறன்கள் என்று ஒரு தொகுதி இருந்தது. அவை கப்பலுக்கோ ஆயுதத்துக்கோ உதவமாட்டா. பண்புகளின் எண்ணை உயர்த்தி, பிற திறன்களை விரைவாகக் கற்கச் செய்யும். இப்போது செலவிட்டுப் பிற்பாடு வரவு பெறும் மூலதனச் செலவு இது. நாம் நம் தொழில்முறைப்படி மீட்புக் காலம் கணக்கிட்டுப் பார்த்தோம். அடிப்படைக் கற்றல் திறனை நான்காம் நிலைவரை கற்றால் முதன்மைப் பண்பில் நான்கு கூடும். நிமிடத்துக்கு நான்கு புள்ளி கூடுதல். போட்ட முதல் எட்டு நாளில் திரும்பிவிடும். நல்ல முதலீடு. அதன் மூன்று மடங்கு விலையுள்ள மேல்நிலைக் கற்றல் திறனில் நான்காம் நிலைவரை போட்டது 24 நாளில் திரும்பும். அதுவும் தகும். அடிப்படைத் திறனின் ஐந்தாம் நிலைக்கு மட்டும் 146 நாள். மேல்நிலைத் திறனின் ஐந்தாம் நிலைக்கு 439 நாள்! அதுவும் அந்தப் பண்பு எப்போதும் முதன்மையாகவே பயன்படும் என்று வைத்துக்கொண்டால். துணைப் பண்பாக மட்டும் பயன்பட்டால் இந்த நாள்களை இரட்டிப்பாக்குக.

கணக்கு இவ்வாறிருக்க, முதல் வாரங்களைக் கற்றல் திறன்களுக்கே ஒதுக்குமாறு பழையவர்கள் புதியவர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். அறிவுரை கணக்கின்படி பெரும்பாலும் சரிதான். ஆனால் ஆட வந்தவன் ஆடாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று. சலித்துப்போய் விலகியவனுக்கு 146ஆம் நாள் வருவதே இல்லை. நிறுவனம் 2010 டிசம்பரில் அந்தத் தொகுதியையே நீக்கி, அவற்றில் செலவான புள்ளிகளை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது வங்கமொழியை முறையாகக் கற்க வேண்டும் என்று நாமும் திட்டமிட்டோம். முதலில் எழுத்து, பிறகு இலக்கணம், பிறகு செய்தித்தாள், பிழையற்ற பிறகே பேச்சு. எழுத்துப் பயிற்சியில் மட்டும் ஐந்து மாதம் சென்றது. அந்த நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க ஒரு மூதாட்டி வந்தார். அவர் நம்மிடம் எதையோ இருமுறை கேட்டார். கூட்டெழுத்துகளை அழகாக எழுதத் தெரிந்த நமக்கு, "உட்காருங்கள் அம்மா" என்று சொல்ல நா எழவில்லை. அவர் நின்றபடியே காத்திருந்து திரும்பிப் போனார். அவர் கேட்டது, நின்றுபோன ஓய்வூதியத்தைப் பற்றி என்று பிறகு உடன் பணியாற்றுபவர் சொல்லித் தெரிந்தது. மறுநாள் அவர் வீட்டைத் தேடிப்போய்ச் சரிசெய்தோம். அன்று மாலையே நோட்டை மூடிவைத்து, "போஷுன்", "எகானே ஷோய் கொருன்" என்று இருபது வாக்கியங்களைக் கடைநிலை ஊழியரிடம் கேட்டு மனப்பாடம் செய்தோம்.

இதனால் ஐந்தாம் நிலை வீண் என்று பொருளாகாது. சிறப்பு வகைக் கப்பல்கள் சில, சிறுகப்பல் திறனில் ஐந்தாம் நிலை இல்லாதவரைத் தம்முள் ஏற்றிக்கொள்வதே இல்லை. அதற்கு இருமடங்குப் புள்ளிகள், அதாவது 5,12,000. ஏறக்குறைய 12 நாள். அந்தக் கப்பல்தான் வேண்டும் என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் தாராளமாக அதைக் கற்கலாம். எந்தக் கப்பலானாலும் உதவும் பொதுத் திறன்கள் பதினான்கை ஆட்டக்காரர்கள் ஒரு தொகுதியாகவே சொல்வார்கள்: மின்விசை, மின்கலம், கவசம், செலுத்துதல் முதலியவை. தொடக்கத்தில் இவற்றை மூன்றாம் நிலைக்கும், பிறகு நான்காம் நிலைக்கும் உயர்த்துவது தவறாத வழி.

பண்புகளின் எண்களை மாற்றி அமைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஒரு பண்பை 27 ஆகவும் மற்றொன்றை 21 ஆகவும் உயர்த்தினால் வேகம் நிமிடத்துக்கு 37.5 ஆகும், கால்பங்கு கூடுதல். ஆனால் மற்ற மூன்று பண்புகளும் 17க்கு இறங்கிவிடும். அவற்றைச் சார்ந்த திறன்களைக் கற்க நேர்ந்தால் வேகம் 25.5 மட்டுமே. இந்த மாற்றத்துக்குரிய உரிமை ஆண்டுக்கு ஒருமுறையே தவறாமல் கிடைக்கும். என்ன ஆட்டம் ஆடப்போகிறோம் என்று தெரியாத தொடக்கக்காரர் எல்லாவற்றையும் ஒரே பங்கில் போட வேண்டாம் என்பதே நம் கருத்து.

2016 பிப்ரவரி முதல் இதில் ஒரு குறுக்குவழியும் வந்துள்ளது. ஒருவர் சேர்த்த திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து மற்றொருவர் ஊசிபோல ஏற்றிக்கொள்ளலாம். 50 லட்சம் புள்ளிகளுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய ஊசி 5 லட்சம் புள்ளி தரும். 8 கோடியைத் தாண்டியவருக்கு அதே ஊசி 1.5 லட்சம்தான். விலை விளையாட்டுப் பணத்தில் என்றாலும், அந்தப் பணத்தை உண்மைப் பணம் கொடுத்து வாங்க முடியும். தந்தையின் அட்டைக்கு ஆபத்து இந்த இடத்தில்தான். 20 டாலர் சந்தாவில் அன்று.

ஆகவே தந்தையிடம் சில நடைமுறைகளை விளக்கினோம். வெளிநாட்டுப் பயன்பாட்டை வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடலாம். அதற்கென்று உச்சவரம்பும் வைக்கலாம். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், ரிசர்வ் வங்கி விதிகளின்படி ரூ.15,000 வரையிலான தொகை ஒவ்வொரு முறையும் கடவு எண் கேட்காமலே பற்று வைக்கப்படும். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பாக உங்களுக்கு அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பவர்களே பிறகு நம்மிடம் புகாருடன் வருகிறார்கள். கைப்பேசி எண்ணைப் புதுப்பித்து வையுங்கள்.

(இடையில் ஒரு செய்தி. அந்த விண்வெளியில் ஆட்டக்காரர்களே வங்கியும் நடத்தினார்கள். ஈபேங்க் என்பது அவற்றுள் பெரியது. 2009இல் அதன் தலைவரே ஏறத்தாழ 20,000 கோடி விளையாட்டு நாணயத்தை எடுத்து வெளியில் உண்மைப் பணத்துக்கு விற்றார். அவர் விலக்கப்பட்டதும் உண்மைப் பணத்துக்கு விற்றதற்காகத்தான்; வாடிக்கையாளரை ஏமாற்றுவது அங்கே விதிமீறல் அன்று. நம் நாட்டில் ஒவ்வொரு வைப்பாளருக்கும் ரூ.5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு என்பதை மாணவனுக்கு அப்போது நினைவூட்டினோம்.)

முடிவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு மாதச் சந்தா மட்டும். தானியங்கிப் புதுப்பிப்பு கிடையாது. அந்த மாதத்துக்குள் மகன் கப்பலை வெளியே எடுக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து அவன் கிளைக்கு வந்தான். வெளியே எடுத்த மூன்றாம் நாளே கப்பல் வெடித்துச் சிதறிவிட்டதாம். முகத்தில் வருத்தம் இல்லை. "திறன் புள்ளி ஒண்ணும் போகல சார். கப்பலுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தேன்" என்றான். சரக்கேற்றிச் சந்தைக்குச் சந்தை விற்பதுதான் தனக்குப் பிடிக்கிறது என்று அந்த மூன்று நாளில் கண்டுகொண்டானாம். நோட்டில் போர்த் திறன்களுக்கென்று ஒதுக்கிய ஒன்பது பக்கங்களையும் குறுக்காக அடித்திருந்தான்.

தந்தையின் அட்டையில் வெளிநாட்டு வசதி இப்போது மூடியே இருக்கிறது. இரண்டாம் மாதச் சந்தாவை, தான் ஈட்டிய விளையாட்டுப் பணத்தைக் கொண்டே கட்டிவிட முடியுமா என்று மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.